கொந்தளிப்புச் சுடரின் வேகத்தைக் கணிக்க ஒரு நிரல்: செய்முறைப் பதிவு

முன்கலந்த எரிபொருளும் காற்றும் கொந்தளிப்பான ஓட்டத்தில் எரியும்போது சுடர் எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதைக் கணிக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை எழுத முனைந்தபோது, மூன்று நாளில் வேலை முடிந்துவிடும் என்றே நினைத்தேன். உள்ளிட வேண்டியவை நான்கே அளவுகள்: கலவையின் அடுக்கோட்டச் சுடர் வேகம் (கொந்தளிப்பு இல்லாதபோது சுடர் செல்லும் வேகம்), அதன் வெப்பப் பரவல் கெழு, ஓட்டத்தின் அலைவு வேகம், பெரிய சுழல்களின் அளவு. அலைவு வேகம் என்று நான் குறிப்பது, ஓட்ட வேகம் தன் சராசரியிலிருந்து விலகும் விலகல்களின் சதுரங்களைச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் கிடைக்கும் அளவு. இவற்றைப் பெற்றுக்கொண்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும் நிரலுக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் பெரும்பகுதி, திரும்பி வரும் எண் எதன் வேகம் என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்தது.

அசையாத கலவையில் சுடருக்கென்று ஒரு வேகம் உண்டு. ஒரு வளிமண்டல அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், முழுமையாக எரியத் தேவையான விகிதத்தில் கலந்த மீத்தேன்–காற்றுக்கு அது நொடிக்குச் சுமார் 38 சென்டிமீட்டர். ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கியதும் சுழல்கள் சுடர்முகத்தை மடித்துச் சுருக்கங்கள் உண்டாக்குகின்றன. பரப்பு கூடுவதால் அதே நேரத்தில் அதிகக் கலவை எரிகிறது. 1940-இல் டாம்கோலர் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். சுடரின் தடிமனைவிடப் பெரிய சுழல்கள் சுடரை மடிக்க மட்டுமே செய்யும் என்றும், தடிமனைவிடச் சிறிய சுழல்கள் சுடருக்குள்ளேயே புகுந்து வெப்பமும் மூலக்கூறுகளும் பரவும் வீதத்தைக் கூட்டும் என்றும் அவர் கொண்டார். முதல் நிலையில் சுடர் வேகம், அடுக்கோட்ட வேகமும் அலைவு வேகமும் சேர்ந்த அளவை ஒட்டி உயரும்; இரண்டாவதில் பரவல் கெழுக்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்த அளவில் உயரும். பின்னால் வந்த சூத்திரங்களில் பெரும்பாலானவை இந்த இரு முனைகளுக்கும் நடுவே எங்கோ நிற்பவை.

அடுக்கோட்ட வேகத்தை நூலிலிருந்து எடுத்துப் போடாமல், காண்டெரா என்ற மென்பொருள் நூலகத்தில் ஜி.ஆர்.ஐ. 3.0 வேதிவினைத் தொகுப்பைக் கொண்டு நானே கணக்கிட்டேன். 53 வேதிப்பொருள்களும் 325 வினைகளும் கொண்ட அத்தொகுப்பு மீத்தேனுக்காகவே சரிபார்க்கப்பட்டது என்பதால் இந்தப் படியில் தொல்லை வராது என்று நம்பியிருந்தேன். முதல் ஓட்டத்தில் 41 சென்டிமீட்டர் வந்தது. வினைவீதங்களைக் குறை சொல்லத் தொடங்குமுன் கணக்கீட்டுக் கட்டத்தை, அதாவது கணக்கிடும் புள்ளிகளின் வரிசையை, பார்த்திருக்க வேண்டும். சரிவுக்கும் வளைவுக்கும் நான் வைத்திருந்த வரம்புகள் தளர்ந்திருந்ததால், சுடரின் குறுகிய வினைப்பகுதியில் மிகச் சில புள்ளிகளே விழுந்திருந்தன. வரம்புகளை இறுக்கி, புள்ளிகள் இருநூறைத் தாண்டியதும் வேகம் 38-க்கு இறங்கி அங்கேயே நின்றது. பரவலான கட்டம் சுடர் வேகத்தை மிகையாகக் காட்டுவது இத்தகைய கணக்கீடுகளில் வழக்கம்தான். ஆனாலும் பிற்பாடு வரும் எல்லாச் சூத்திரங்களிலும் இந்த எண் நுழைவதால், இங்கே விடும் எட்டு விழுக்காட்டுப் பிழை கடைசிவரை கூடவே வரும்.

அடுத்துச் சுடரின் தடிமன். இதில்தான் முதன்முதலாக உண்மையாகவே குழம்பினேன். வெப்பப் பரவல் கெழுவை அடுக்கோட்ட வேகத்தால் வகுப்பது ஒரு வரையறை. கெழு நொடிக்கு 0.000022 சதுர மீட்டர் என்று கொண்டால் தடிமன் 0.058 மில்லிமீட்டர் வருகிறது. எரிந்த வளிக்கும் எரியாத வளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை, சுடருக்குள் வெப்பநிலை மிகச் செங்குத்தாக ஏறும் இடத்தின் சரிவால் வகுப்பது இன்னொரு வரையறை. அப்படி எடுத்தால் என் கணக்கீட்டில் 0.45 மில்லிமீட்டர். ஒன்றுக்கு மற்றொன்று ஏறத்தாழ எட்டு மடங்கு! சுடர் எந்த எரிநிலையில் இருக்கிறது என்று சொல்லும் கார்லோவிட்ஸ் எண், தடிமனின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. நான் எடுத்துக்கொண்ட மாதிரி நிலையில் அலைவு வேகம் நொடிக்கு 1 மீட்டர், சுழல் அளவு 5 மில்லிமீட்டர். முதல் தடிமனைப் போட்டால் கார்லோவிட்ஸ் எண் 0.46, இரண்டாவதைப் போட்டால் 1.3. எண் ஒன்றைத் தாண்டினால் மிகச் சிறிய சுழல்கள் சுடரின் முன்சூடேறும் பகுதிக்குள் நுழையும் என்பது வழக்கமான எல்லைக்கோடு. ஆக, ஒரே சுடரை வரைபடத்தில் கோட்டின் இந்தப் பக்கமும் வைக்கலாம், அந்தப் பக்கமும் வைக்கலாம். அன்றிலிருந்து நிரலில் தடிமன் வரும் இடமெல்லாம் எந்த வரையறை என்று மாறியின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு ஐந்து சூத்திரங்களைத் தனித்தனிச் செயல்கூறுகளாக எழுதினேன். மேலே சொன்ன மாதிரி நிலையில் டாம்கோலரின் பெரிய சுழல் எல்லை நொடிக்கு 1.38 மீட்டர் தருகிறது. ஸிமாண்ட் சூத்திரம் 1.24, இது அலைவு வேகத்தை டாம்கோலர் எண்ணின் (சுழலின் காலத்தை, சுடர் தன் தடிமனைக் கடக்கும் காலத்தால் வகுத்த எண்) நான்காம் மூலத்தாலும் 0.52 என்ற மாறிலியாலும் பெருக்குவது. குல்டர் 1990-இல் தந்த சூத்திரம் 1.99, ஓப்பன்ஃபோம் மென்பொருளின் முன்கலந்த எரிதல் தீர்வியில் இருக்கும் 0.62 என்ற மாறிலி இதிலிருந்து வந்ததுதான். விசிறிகளால் கலக்கப்படும் மூடிய கலத்தில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு பிராட்லி குழுவினர் அமைத்த சூத்திரம், லூயிஸ் எண்ணை (வெப்பம் பரவும் கெழுவை எரிபொருள் பரவும் கெழுவால் வகுத்த எண்) ஒன்று என்று வைத்தால் 2.03. பீட்டர்ஸின் சூத்திரம் 2.14, பெரிய டாம்கோலர் எண்களில் இது அலைவு வேகத்தின் இரு மடங்கோடு அடுக்கோட்ட வேகத்தைக் கூட்டிய அளவை நோக்கிப் போகும். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 1.7 மடங்கு வேறுபாடு. ஐவரும் தவறு செய்திருக்க முடியாது என்பதால் தவறு என் நிரலில்தான் இருக்கும் என்று முடிவு கட்டித் தேடத் தொடங்கினேன்.

தேடியதில் இரண்டு பிழைகள் உண்மையிலேயே அகப்பட்டன. ஸிமாண்ட் சூத்திரத்தில் வரும் சுழல் அளவு, அலைவு வேகத்தின் கனத்தைக் கொந்தளிப்பு ஆற்றல் சிதையும் வீதத்தால் வகுத்து, 0.37-ஆல் பெருக்கிப் பெற வேண்டியது. நான் அந்தப் பெருக்கலை விட்டுவிட்டேன். சுழல் அளவு நான்காம் மூலமாகத்தான் உள்ளே போகிறது, எனவே பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தோன்றும். போட்டுப் பார்த்தால் வேகம் 28 விழுக்காடு கூடிவிடுகிறது. (மேலே உள்ள 1.24 திருத்திய பிறகு வந்தது.) மற்றது சூத்திரத்தின் எல்லை பற்றியது. அலைவு வேகத்தைச் சுழியை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனால் ஸிமாண்ட் வேகமும் சுழிக்குப் போய்விடும். அமைதியான கலவையில் சுடர் நின்றுவிடும் என்று சொல்வது போல. என் மாதிரிக் கலவைக்கு அலைவு வேகம் நொடிக்கு 0.2 மீட்டருக்குக் கீழே இறங்கியதும் கணித்த வேகம் அடுக்கோட்ட வேகத்துக்கும் கீழே போனது. சூத்திரம் வலுவான கொந்தளிப்புக்கென்று வகுக்கப்பட்டதே தவிர, இது அதன் குற்றமன்று. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன். குளிர்ந்த சுவரருகே கொந்தளிப்பு அடங்கும் இடங்களில் அந்த ஒரு வரியால் சுடர் சுவரில் ஒட்டிக்கொண்டு ஊர்வதும் உண்டு என்பதால், அதை முழு நிம்மதியோடு சேர்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு திருத்தியும் ஐந்து எண்களும் நெருங்கி வரவில்லை. எனவே சூத்திரங்களை விட்டுவிட்டு, ஒரு பரிமாணத்தில் சுடரை ஓடவிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். எரியாத இடத்தில் சுழியும் எரிந்து முடிந்த இடத்தில் ஒன்றும் ஆகும் எரிதல் முன்னேற்ற மாறி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது கொந்தளிப்பால் பரவுவதாகவும், அதன் சரிவின் அளவைக் கொந்தளிப்புச் சுடர் வேகத்தால் பெருக்கிய வீதத்தில் எரிவதாகவும் சமன்பாட்டை எழுதினேன். எளிமைக்காக அடர்த்தியை மாறாததாக வைத்தேன். உண்மைச் சுடரில் வளி ஏழு மடங்குக்கு மேல் விரிகிறது என்பதை மறக்கவில்லை. ஆனால் நான் அப்போது சோதிக்க விரும்பியது வேகத்தை அளக்கும் முறையைத்தான். உள்ளே கொடுத்த வேகம் ஸிமாண்டின் 1.24. கொந்தளிப்புப் பரவல் கெழு நொடிக்கு 0.004 சதுர மீட்டர். கொடுத்த வேகமே திரும்பக் கிடைத்தால் நிரல் சரி.

முதல் முயற்சியில் சரிவை மைய வேறுபாட்டால் கணித்திருந்தேன். தொடக்கத்தில் சுடர்முகம் செங்குத்தாக இருந்ததால் அதன் இருபுறமும் மாறி ஒன்றைத் தாண்டியும் சுழிக்குக் கீழே போயும் அலைந்தது. சுடர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துப் புள்ளியைக் கொண்டு வேறுபாடு எடுக்கும்படி மாற்றியதும் அலைச்சல் அடங்கியது. அப்படி எடுப்பது தன் பங்குக்கு ஒரு பொய்ப் பரவலைச் சேர்க்கும். வேகத்தைப் புள்ளி இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்த அளவு. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அது உண்மைக் கெழுவின் 8 விழுக்காடு, 0.1 மில்லிமீட்டரில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இடைவெளியைக் குறைத்ததால் காலப்படி ஒரு மைக்ரோநொடி அளவுக்கு இறங்கியது. ஒரு பரிமாணம் என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

சுடர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மாறியின் மதிப்பு 0.05 ஆகும் புள்ளியைத் தொடர்ந்தேன். சோதனைக்கூடப் படங்களில் சுடரின் முன்விளிம்பைத்தான் எளிதில் காணலாம் என்பதால் அப்படிச் செய்தேனே தவிர வேறு ஆழ்ந்த காரணம் இல்லை. 10-ஆவது மில்லிநொடியில் நிரல் அச்சிட்ட வேகம் 1.98. நான் உள்ளே கொடுத்தது 1.24! அதைவிட மோசமான தற்செயல், குல்டர் சூத்திரம் தந்த 1.99-க்கு அருகில் அது வந்து நின்றது. ஒரு மாலைப்பொழுது முழுவதும், எங்கோ செயல்கூறுகளை மாற்றி அழைத்திருக்கிறேன் என்று நம்பி வரிவரியாகத் தேடினேன். அப்படி எந்த மாற்றமும் இல்லை. 40-ஆவது மில்லிநொடி வரை ஓடவிட்டபோது அதே புள்ளியின் வேகம் 1.61-ஆகக் குறைந்திருந்தது. கொடுத்த வேகம் மாறிலியாக இருக்கும்போது கிடைக்கும் வேகம் நேரத்தோடு ஏன் குறைய வேண்டும்?

தாளில் எழுதிப் பார்த்ததும் விடை தெரிந்தது. மாறி ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகும்வரை, சரிவின் அளவைச் சார்ந்த மூல உறுப்பு வெறும் நகர்த்தல் உறுப்பாக மாறிவிடுகிறது. அதனால் சமன்பாட்டின் தீர்வு, மாறா வேகத்தில் நகர்ந்துகொண்டே அகன்றுபோகும் ஓர் இயல்நிலைப் பரவலின் திரள் வளைவு. மாறி 0.5 ஆகும் இடம், அதாவது 0.5 சமக்கோடு, சரியாக 1.24-இல் செல்கிறது. 0.05 சமக்கோடு அதற்கு முன்னால், வளைவின் திட்டவிலக்கத்தைப்போல் 1.645 மடங்கு தொலைவில் இருக்கும். அந்தத் திட்டவிலக்கமோ நேரத்தின் வர்க்கமூலத்தைப்போல் வளர்ந்துகொண்டிருக்கிறது. 10 மில்லிநொடியில் திட்டவிலக்கம் 8.9 மில்லிமீட்டர், முன்விளிம்பு நடுக்கோட்டைவிட 14.7 மில்லிமீட்டர் முந்தியிருக்கிறது. அதே நேரத்தில் நடுக்கோடு கடந்த தொலைவோ 12.4 மில்லிமீட்டர்தான். அதாவது சுடர்த்தூரிகை (சுடர் பரவிக் கிடக்கும் பட்டை) அகன்றதால் முன்விளிம்புக்குக் கிடைத்த முன்னேற்றம், சுடர் உண்மையில் எரிந்து முன்னேறியதைவிடக் கூடுதல். நிரலில் பிழையே இல்லை. நான் அளந்தது வேறொன்றை. 0.5 சமக்கோட்டைத் தொடர்ந்தபோது மூன்றாம் இலக்கம் வரை 1.24 வந்தது. மொத்தமாக எரிந்த கலவையின் அளவு நேரத்தோடு கூடும் வீதத்தைக் கணக்கிட்டபோதும் அதே எண்.

இதன் பிறகு பழைய முறை ஒன்றையும் அதே கட்டத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. 1971-இல் ஸ்பால்டிங் முன்வைத்த சுழல் உடைவு மாதிரியில் எரிதல் வீதம், எரிந்த பங்கையும் எரியாத பங்கையும் பெருக்கிச் சுழலின் காலத்தால் வகுத்த அளவு. அந்த அளவைப் பெருக்கும் மாறிலியை 4 என்று வைத்தால் இது அலைவு வேகத்தின் 1.76 மடங்கு வேகத்தில் ஓடும் சுடரைத் தருகிறது. கவனிக்க வேண்டியது, இதில் அடுக்கோட்ட வேகம் எங்கும் வரவே இல்லை. மீத்தேனானாலும் ஹைட்ரஜனானாலும் ஒரே விடை. இந்த வகைச் சமன்பாட்டை 1937-இல் ஃபிஷரும், தனியாகக் கோல்மகோரவ் முதலிய மூவரும் ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் சுடரை இழுத்துச் செல்வது மாறி ஏறக்குறைய சுழியாக இருக்கும் மெல்லிய வால்பகுதி. அது தெரியாமல், எண்வழிச் சிதறல்களைத் தடுக்கலாம் என்று மாறி 0.001-க்குக் கீழே இருக்கும் இடங்களில் எரிதல் வீதத்தைச் சுழியாக்கியிருந்தேன். ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று நினைத்த அந்த வெட்டு, வேகத்தைப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைத்துவிட்டது. வெட்டின் மடக்கையைச் சதுரித்து, அதன் தலைகீழுக்கு ஏற்பவே இக்குறைவு சிறுத்துப்போகும் என்பதை 1997-இல் புருனேயும் தெரிதாவும் காட்டியிருக்கிறார்கள். எனவே வெட்டை ஆயிரம் மடங்கு சிறிதாக்கினாலும் குறைவு முற்றிலும் நீங்காது. வெட்டையே எடுத்துவிட்டேன். சரிவைச் சார்ந்த முந்தைய மாதிரியில் வால் இப்படி ஆட்சி செய்வதில்லை, அதனால்தான் வணிக மென்பொருள்களில் அது நிலைத்தது என்பது என் கருத்து.

கணிப்பு போதும், ஓர் உண்மைச் சுடரோடு ஒப்பிடலாம் என்று, 6 மில்லிமீட்டர் ஆரமுள்ள பன்சன் குழாயில் நொடிக்கு 4 மீட்டர் சராசரி வேகத்தில் எரிந்த மீத்தேன் சுடரின் படங்கள் சில நூறை எடுத்துக்கொண்டேன். ஓட்டத்தில் தூவிய எண்ணெய்த் துளிகள் எரியாத பகுதியில் லேசர் ஒளியில் பளிச்சிடும், சுடரில் ஆவியாகி மறையும். ஒவ்வொரு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சராசரி எடுத்தால் முன்னேற்ற மாறியின் வரைபடம் கிடைக்கும். குழாயில் செல்லும் கலவையின் பரும வீதத்தைச் சுடரின் சராசரிப் பரப்பால் வகுத்தால் வேகம். ஆனால் எந்தப் பரப்பு? 0.1 சமக்கோட்டின் உயரம் 19 மில்லிமீட்டர். அதைக் கூம்பாகக் கொண்டால் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 0.5 சமக்கோட்டின் உயரம் 29 மில்லிமீட்டர், அதற்கு 0.81 மீட்டர். அதே சுடர், அதே படங்கள், ஒன்றரை மடங்கு வேறுபாடு. ஒரு பரிமாண ஓட்டத்தில் வேறுபாடு வந்தது தூரிகை வளர்ந்ததால். இங்கே சுடர் நிலையாக நிற்கிறது, வேறுபாடு வருவது பரப்பைத் தேர்ந்ததால். காரணங்கள் வேறு, விளைவு ஒரே பக்கம்: எரியாத பக்கத்துக்கு நெருங்கிய கோட்டைத் தேர்ந்தால் வேகம் கூடும். இந்தக் குழாயின் அலைவு வேகத்தை நொடிக்கு 0.4 மீட்டர் என்றும் சுழல் அளவை 3 மில்லிமீட்டர் என்றும் வைத்தால் குல்டர் 1.09, பிராட்லி 1.14, ஸிமாண்ட் 0.55. முதல் இரண்டும் 0.1 சமக்கோட்டின் பக்கம் சாய்கின்றன. இதைக் கொண்டு யார் சரி என்று தீர்ப்பெழுத முடியாது. பிராட்லியின் கலத்தில் சுடர் கோளமாக விரிகிறது, என்னுடையது கூம்பாக நிற்கிறது. ஆனால் ஒரு சூத்திரத்தின் மாறிலியை எடுக்கும்போது, அதன் தரவு எந்த வடிவச் சுடரில், எந்தக் கோட்டில் அளக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே வருகிறது என்பது என் படங்களிலேயே தெரிந்தது.

அழுத்தத்தை மாற்றிப் பார்த்தது சுருக்கமாக முடிந்தது. மீத்தேனின் அடுக்கோட்ட வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. 10 வளிமண்டலத்தில் சுமார் 12 சென்டிமீட்டர்தான். அதே வேளையில் வெப்பப் பரவல் கெழு பத்தில் ஒன்றாகிறது. ஸிமாண்ட் சூத்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் கொந்தளிப்புச் சுடர் வேகம் அழுத்தத்தால் அசைவதே இல்லை. குல்டரில் பாகுநிலை வழியாக அதே கழித்தல் கொந்தளிப்பு உறுப்பில் நடக்கிறது, தனியே கூடும் அடுக்கோட்ட வேகம் மட்டும் குறைகிறது. டாம்கோலரின் எளிய கூட்டலிலும் அப்படியே வேகம் 1.38-இலிருந்து 1.12-ஆக இறங்குகிறது.

நிரல் இப்போது, சமக்கோட்டின் மதிப்பைச் சொல்லாமல் அழைத்தால் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். விடையோடு தடிமனின் வரையறை, சுழல் அளவில் 0.37 சேர்ந்ததா இல்லையா, தரவு எந்த வடிவச் சுடருக்கானது என்ற மூன்றையும் அச்சிடும். மெலிந்த (எரிபொருள் குறைந்த) ஹைட்ரஜன் கலவைக்கு மட்டும் அதை இன்னும் திறந்துவிடவில்லை. அங்கே லூயிஸ் எண் 0.35 அளவில் இருப்பதால், எரியாத பக்கம் புடைக்கும் சுடர்ப்பகுதிக்கு வெப்பம் வெளியேறுவதைவிட வேகமாக ஹைட்ரஜன் வந்து சேர்கிறது. பரப்பு கூடுவதோடு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எரியும் வேகமும் கூடுகிறது. ஐந்து சூத்திரங்களில் பிராட்லியுடையது மட்டுமே லூயிஸ் எண்ணைக் கேட்கிறது; அதைப் போட்டால் வேகம் 37 விழுக்காடு உயர்கிறது, மற்ற நான்கும் ஒன்றும் நடக்காதது போல இருக்கின்றன. சமான விகிதத்தை (முழுமையாக எரியத் தேவையான கலவையோடு ஒப்பிட்ட எரிபொருள் அளவை) 0.5-க்குக் குறைத்து ஹைட்ரஜனைத் தேர்ந்தால், இப்போதைக்கு நிரல் எண் எதையும் தராமல் வெளியேறும்படி எழுதி வைத்திருக்கிறேன்.